கப்பலில் இடமில்லை என்ற காலம்

கடலுக்குப் போவது ஆண். கரையேறிய மீனை விற்றுக் காசாக்குவது பெண். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு வரையுள்ள மீனவர் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை இப்படித்தான் பிரிந்திருக்கிறது. பழவேற்காடு ஏரியில் யார் எந்த இடத்தில் வலை விரிப்பது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்யும் பாடு முறையிலும் உரிமை ஆண்களுக்கே. பெண்ணுக்குத் தண்ணீர் ஒத்துவராது என்பதல்ல காரணம். இதே ஏரியில்தான் இருளர் பெண்கள் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பாடுபடத் தடை இல்லை. பாடு கேட்கத்தான் தடை.

இந்தியக் கடற்படையும் நெடுங்காலம் இதே கணக்கைத்தான் போட்டது. அரசு தனியாக அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர வேறெதிலும் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்றது 1957ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டம். 1992இல் கதவு கொஞ்சம் திறந்தது. சட்டம், கல்வி, தளவாடம் போன்ற பிரிவுகளில் குறுகிய காலப் பணி கிடைத்தது. நிரந்தரப் பணி கேட்டுப் பெண் அதிகாரிகள் வழக்குத் தொடுத்தபோது, ரஷ்யாவில் கட்டிய கப்பல்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதையும் அரசு ஒரு வாதமாக வைத்தது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 17 அன்று அந்த வாதத்தைத் தள்ளியது.

இத்தனைக்கும் ஆயுதம் ஏந்திய பெண் நமக்குப் புதியவள் அல்ல. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்ப் பெண்கள் பலர் அந்தப் படையில் சேர்ந்து துப்பாக்கி பழகினார்கள். சுதந்திரம் வந்தபின் அவர்களைப் பாடப்புத்தகத்தில் வைத்துப் போற்றினோம். படையில் மட்டும் சேர்க்கவில்லை. ஆகவே, மனப்பான்மை மெல்ல மெல்ல வளர்ந்து இன்றைய நிலைக்கு வந்தது என்று சொல்ல முடியாது. ஒருமுறை திறந்த வழியை நாமே அடைத்திருந்தோம்.

தீர்ப்புக்குப் பிறகு மாற்றம் வேகம் பிடித்தது. 2020 செப்டம்பரில், போர்க்கப்பலிலிருந்து இயங்கும் ஹெலிகாப்டர் பணிக்கு இரு பெண் அதிகாரிகள் தேர்வானார்கள். 2023 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் தேறிய ஐந்து பெண்கள் முதன்முறையாகத் தரைப்படையின் பீரங்கிப் பிரிவுக்குப் போனார்கள். கடற்படை அதிகாரிகளான புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் ‘தாரிணி’ பாய்மரக் கப்பலில் இருவர் மட்டுமாக உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள். எட்டு மாதம் கப்பலில் வாழ்ந்து காட்டியவர்களிடம் வசதிக் குறைவைக் காரணம் காட்ட யாருக்கும் வாய் வராது.

காட்டுப்பள்ளிக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. அங்குள்ள எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்தில் கடற்படைக்கு மூன்று பயிற்சிக் கப்பல்கள் கட்ட 2023 மார்ச்சில் ஒப்பந்தமானது. மதிப்பு 3,100 கோடி ரூபாய்க்கு மேல். கரையில் அடிப்படைப் பயிற்சி முடித்த இளம் அதிகாரிகளுக்கு, பெண்களும் உட்பட, கடலில் பயிற்சி தரும் கப்பல்கள் இவை என்று அரசே அறிவித்தது. முதல் கப்பலான ‘கிருஷ்ணா’ 2025இல் கடலில் இறக்கப்பட்டது. கப்பலில் இடமில்லை என்று வாதாடிய அதே அரசு, தீர்ப்பு வந்த மூன்றே ஆண்டில் பெண்களையும் கணக்கில் சேர்த்துக் கப்பலுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது.

மாறாதவையும் உண்டு. காலாட்படையும் டாங்கிப் படையும் பெண் அதிகாரிகளுக்கு இன்னும் திறக்கவில்லை. ஊர்ப் பேச்சிலோ, பெண் போர்க்களம் போகலாமா என்ற கேள்வி ஓயவில்லை. ஆனால் ஊர் மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் கடற்படையில் எதுவும் நடந்திருக்காது. முதலில் தீர்ப்பு வந்தது, பிறகு பணி ஆணை வந்தது. வேலையைச் செய்து காட்டிய பிறகுதான் பேச்சு மாறத் தொடங்கியது. பாடு சீட்டில் பெண்ணின் பெயர் சேருமா என்று கேட்பவர்களும் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.