உங்களுக்குத் தெரியுமா? முறிந்த போல்ட்டுக்குப் புதுத் தலை

ஆக்ஸில் வேலையில் துருப்பிடித்த போல்ட்டின் தலை முறிந்து, உடல் மட்டும் ஹப்புக்குள் தங்கிவிட்டால் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலர் தேடுவது வெல்டிங் மெஷினைத்தான். முறிந்த முனை மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளைக்குள் வெல்டு அடிப்பார்கள். போல்ட்டுக்குப் புதுத் தலை கிடைத்துவிடும். அதைவிட முக்கியம் சூடு: போல்ட் விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி தளரும். சற்று ஆறியதும் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் கழன்று வரும்.

வெல்டிங் எட்டாத இடத்தில் இடப்பக்கம் சுழலும் ட்ரில் பிட் இருக்கிறது. துளை போடும்போதே போல்ட் வெளியே வந்துவிடுவதும் உண்டு.

துளைக்குள் இறுக்கி, முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. கடினமான எஃகுதான், ஆனால் வளையாது, முறியும். உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் அதன்மேல் வழுக்கும். இப்படிச் சிக்கிய, மரை வெட்டும் டேப்புகளையும் ட்ரில்களையும் மின்பொறியால் அரித்தெடுக்கவே 1940களில் அமெரிக்காவின் ஹரோல்ட் ஸ்டார்க், விக்டர் ஹார்டிங், ஜாக் பீவர் மூவரும் ஓர் இயந்திரம் செய்தார்கள்.

திருகுமுன் மரையின் திசையையும் பாருங்கள். 1960களின் கிறைஸ்லர் கார்கள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும்.