அழித்து அழித்து எழுதும் பிள்ளை

ஓ.சி.டி. என்ற மனநோயைச் சொன்னதும் ஓயாமல் கை கழுவுகிறவரும், பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவரும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். பள்ளிப் பிள்ளையிடம் அது பல சமயம் நல்ல மாணவன் வேஷத்தில் வருகிறது. நோட்டில் ஓர் அடித்தல் இருக்காது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மிஸ் ‘வெரி குட்’ போட்டு வகுப்பு முழுக்கக் காட்டியும் இருப்பார். அந்த ஒரு பக்கத்துக்காக எத்தனை பக்கம் கிழிந்தது என்பது வீட்டுக் குப்பைக்கூடைக்குத்தான் தெரியும்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறரைக்குக் கணக்கு நோட்டை விரிக்கிறான். மேலே போட்ட பிள்ளையார் சுழி கொஞ்சம் கோணிவிட்டது. அழிக்கிறான். மறுபடி போடுகிறான், வால் நீண்டுவிட்டது. ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து ஓட்டை விழுகிறது. பக்கத்தைக் கிழித்துவிட்டு அடுத்ததில் முதலிலிருந்து. “அம்மா, சரியா இருக்கா பாரேன்.” “சரியா இருக்குடா கண்ணா.” அடுத்த வரி வரைக்கும்தான் அந்த நிம்மதி. ஒன்பது மணிக்கு மூன்று கணக்குகூட முடிந்திருக்காது.

‘இது இன்னும் சரியில்லை’, ‘தப்பா எழுதினா அப்பாவுக்கு ஏதாவது ஆயிடும்’ என்று இந்த நோயில் வேண்டாத எண்ணம் ஒன்று வந்து மோதிக்கொண்டே இருக்கும். அதை அடக்கப் பிள்ளை ஒரு காரியம் செய்யும்: அழிக்கும், எண்ணும், படித்த வரியையே படிக்கும், கேட்டதையே கேட்கும். உடனே பதற்றம் இறங்கும். அழித்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை குறித்துக்கொள்ளும். கந்துவட்டிக் கடன் மாதிரிதான் இது. இன்றைய முடை தீரும், நாளைக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

ஒழுங்கை விரும்பும் எல்லாப் பிள்ளைக்கும் இந்த நோய் என்று பதற வேண்டாம். நன்றாக எழுதியதில் பிள்ளைக்குச் சந்தோஷம் இருக்கிறதா, போதும் என்றால் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். நிறுத்த நினைத்தும் முடியாமல் அழுகிறது, தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகிறது, பாடம் தேங்குகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

நம் வீடுகளில் நடப்பதோ வேறு. எட்டு மணிக்கு, “சோம்பேறி, வேணும்னே பண்றான்” என்று ஓர் அறை விழும். பத்து மணிக்கு மனசு கேட்காமல் அம்மாவே மீதியை எழுதிக் கொடுப்பார். அடியால் பயம் கூடுகிறது. எழுதிக் கொடுப்பதும், கேட்கும்போதெல்லாம் “சரியா இருக்கு” என்பதும் நோய்க்கே தீனி போடுகின்றன. பாசத்தால் செய்வது என்பதால் இதை விடுவது பெற்றோருக்குத்தான் அதிகக் கஷ்டம்.

மாற்று வழியை 1966-லேயே விக்டர் மேயர் என்ற உளவியலாளர் லண்டனில் செய்து காட்டினார். பயப்படுவதை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். பதற்றம் வந்தாலும் அந்தக் காரியத்தைச் செய்யாமல் பொறுத்திருக்க வேண்டும். ‘ஈ.ஆர்.பி.’ என்று இன்று சொல்லப்படுவது இதுதான். பிள்ளையோடு உட்கார்ந்து, எது எவ்வளவு பயம் என்று பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்புப் போட்டு, சின்னதில் தொடங்குவார்கள். முதலில் ரஃப் நோட்டில் வேண்டுமென்றே ஓர் எழுத்தைக் கோணலாக எழுதி அப்படியே விடுவது. பிறகு ரப்பரைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு ஐந்து வரி. கடைசியில், அடித்தல் உள்ள வீட்டுப்பாடத்தை மிஸ்ஸிடம் நீட்டுவது. “சரியா இருக்கா?” என்றால் அம்மா சொல்ல வேண்டியது: “இது ஓ.சி.டி. கேக்குற கேள்வி, இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், நான் பக்கத்துலயே இருக்கேன்.” ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கக் கூடாது, எதை எப்போது விடுவது என்று பிள்ளையிடம் பேசி முடிவெடுக்க வேண்டும்.

இந்தப் பயிற்சியோடு மருத்துவர் மாத்திரையும் எழுதினால் பயப்படுகிறோம். அமெரிக்காவில் ஓ.சி.டி. உள்ள, 7 முதல் 17 வயது வரையிலான 112 பேரிடம் நடந்து, 2004-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. 12 வாரத்தில் ஏறக்குறைய முழுமையாகத் தெளிந்தவர்கள், இத்தகைய பயிற்சியும் செர்ட்ராலின் மாத்திரையும் சேர்ந்து பெற்றவர்களில் 53.6 சதவீதம், பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 39.3, மாத்திரை மட்டும் என்றால் 21.4; வெற்று மாத்திரையில் 3.6. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தக் கூடாது.

பள்ளிக்கும் பங்கு உண்டு. வகுப்பாசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து போதும், அரை மணியானதும் நோட்டை மூடிவிடலாம் என்று பேசி வைக்கலாம். கையெழுத்தைப் புகழாமல், முடித்ததைப் புகழச் சொல்லலாம். தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும் வழியும் இருக்கிறது: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் உண்டு, மாற்றுத்திறனாளிச் சான்று உள்ள மாணவருக்கு சி.பி.எஸ்.இ. மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது. ஆனால் சிகிச்சை இல்லாமல் வாங்கும் கூடுதல் நேரம், கூடுதலாக அழிப்பதற்கே போய்விடலாம்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். எங்கே போனாலும், “ஈ.ஆர்.பி. பயிற்சி தருவீர்களா, வீட்டில் நாங்கள் எதை நிறுத்த வேண்டும்?” என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.