முதல்வரைத் தோற்கடித்த அரிசி

1952. இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். ராஜபாளையத்தின் மண்ணின் மைந்தர் பூ.ச. குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்துகொண்டே, பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டியிட்டார். காந்தியவாதி, தான் வாழ்ந்த வீட்டையே பொதுப் பணிக்கு எழுதிவைத்தவர். ஆனாலும் தோற்றார். பக்தவத்சலம் உள்ளிட்ட அமைச்சர்கள் சிலரும் அந்தத் தேர்தலில் வீழ்ந்தனர். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே.

தோல்விக்குப் பல காரணங்கள் இருந்தாலும், வீடுதோறும் பேசப்பட்டது அரிசிதான்.

தொடர்ந்து மழை பொய்த்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடும் தொடர்ந்தது. விவசாயி தன் தேவைக்குப் போக மிஞ்சிய நெல்லை அரசு வைத்த விலைக்குக் கொடுக்க வேண்டும். பெர்மிட் இல்லாமல் நெல்லை வெளியே கொண்டுபோகக் கூடாது. அரசு விலைக்கும் வெளி விலைக்கும் இடைவெளி கூடக் கூட, நெல்லைப் பதுக்குவது லாபமானது. கள்ளச்சந்தை வளர்ந்தது, ரேஷன் கடையில் வரிசை நீண்டது. பசியைத் தீர்க்கப் போட்ட உத்தரவே அரிசியைச் சந்தையிலிருந்து விரட்டியது.

இப்படிப்பட்ட அரசுத் தவறுகளைப் பொருளாதார அறிஞர்கள் ஜேம்ஸ் புக்கானனும் கார்டன் டல்லக்கும் 1962-ல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார்கள். அதிகாரியும் அமைச்சரும் வாக்காளரும்கூட மற்ற மனிதர்களைப் போலத் தங்கள் லாப நஷ்டத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள் என்பது அவர்களின் அடிப்படை. புக்கானனுக்கு 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுக்கு முன்பே, 1957-ல், அந்தோணி டவுன்ஸ் வாக்காளரைப் பற்றி ஒன்று சொன்னார்: ஒரே ஒரு வாக்கால் முடிவு மாறுவது அரிது என்பதால், கொள்கைகளை அலசி ஆராயப் பெரும்பாலோர் நேரம் செலவிடுவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வாக்காளருக்கும் கொள்முதல் கோப்பைப் படிக்க வழியில்லை. அவர் கையில் இருந்த ஆதாரம் வீட்டு உலைதான். மழை பொய்த்தது எவ்வளவு, அரசு பிழைத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க உலையால் முடியாது. இரண்டுக்கும் சேர்த்து முதல்வரே விலை கொடுத்தார்.

அடுத்து நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. முதல்வராக வந்த ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநரின் நியமனம் மூலம் மேலவைக்கு வந்தவர். 1952 ஜூனில் அவர் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பதுங்கிய நெல் வெளியே வந்தது. மக்கள் மூச்சு விட்டார்கள். அதே ராஜாஜி 1953-ல், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்ற திட்டத்தையும் யாரையும் கலக்காமல் கொண்டுவந்தார். எதிர்ப்பு வெடித்தது. 1954-ல் அவர் பதவி விலக, அடுத்து முதல்வரான காமராஜர் அந்தத் திட்டத்தை ரத்து செய்தார். தனி ஒருவர் முடிவெடுத்தால் வேகம் கிடைக்கும். அந்த முடிவு சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

1967-ல் அரிசி மீண்டும் ஆட்சியை அசைத்தது. ரூபாய்க்கு 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றது தி.மு.க. பக்கத்திலுள்ள விருதுநகரில் காமராஜரே 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். முதல்வர் பக்தவத்சலமும் தோற்றார்.

அந்தப் பாடத்தைத் தமிழகக் கட்சிகள் மறக்கவில்லை. 1997-ல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு முன்னுரிமை தரும் முறையாக மாற்றியபோதும், தமிழ்நாடு அனைவருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. 2011 முதல் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. உலையில் தெரியும் தவறை வாக்குச்சீட்டு திருத்திவிட்டது.

ஆனால் அரசின் கடன், மின்வாரிய நஷ்டம், பள்ளிகளின் தரம் போன்றவை உலையில் தெரிவதில்லை. பல ஆண்டு கழித்தே வீட்டுக் கதவைத் தட்டும். எனவே அடுத்த முறை வாக்கு கேட்டு வரும் வேட்பாளரிடம், என்ன தருவீர்கள் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த முடிவைச் சட்டமன்றத்தில் விவாதித்தீர்கள், அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள்.