மணப்பாட்டுக் குன்றைப் பிடித்து வைத்திருப்பது எது?

மணப்பாடு போயிருக்கீங்களா? திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் குன்று, அதன் மேல் 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம், கீழே சவேரியார் குகை. போனவர்களில் பாதிப் பேர் விளிம்பில் நின்று செல்ஃபி எடுத்திருப்பீங்க. காலுக்குக் கீழே இருப்பது என்ன பாறை என்று யோசிச்சீங்களா?

கடலோரக் குன்று என்றதும் எரிமலைப் பாறையோ என்று தோணலாம். மும்பை என்றால் அது சரி. அந்த நகரத்தின் பெரும்பகுதி, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பின் மேல்தான் நிற்கிறது. அந்தேரியில் இருக்கும் கில்பர்ட் குன்று அப்படி உறைந்த பசால்ட் பாறை. மணப்பாட்டில் நெருப்புக்கு வேலையே இல்லை. மணல், சிப்பித்தூள், மழைத்தண்ணி, இந்த மூணும் சேர்ந்து செய்த சுண்ணாம்பு மணற்கல் இது.

எப்படி உருவாச்சு? சங்கும் சிப்பியும் நிறைந்த கடல் நம்முடையது. அவற்றின் ஓடு கால்சியம் கார்பனேட். அலையில் நொறுங்கிய ஓட்டுத்தூள் மணலோடு கலந்து கரையில் குவிகிறது. மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக மாறி, அந்த ஓட்டுச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து உள்ளே இறங்குகிறது. தண்ணீர் ஆவியானதும் சுண்ணாம்பு மட்டும் மணல் துகள்களுக்கு இடையில் படிந்து இறுகுகிறது. நம்ம கான்கிரீட்டில் சிமென்ட் செய்கிற வேலையை இங்கே சுண்ணாம்பு செய்கிறது.

சோதிக்கணுமா? குன்றில் கை வைக்க வேண்டாம். கடற்கரையில் கிடக்கும் சிப்பி ஓடு ஒன்றில் லேபில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விடுங்க. பொங்கும். குன்றைக் கட்டி வைத்திருப்பதும் அதே பொருள்தான்.

சிக்கலும் இங்கேதான். தண்ணீர் ஒட்டியதைத் தண்ணீரே பிரிக்கும். மேலே மழை கரைக்கும். கீழே அலை அடிப்பாகத்தை அரிக்கும். துளைகளில் புகுந்த உப்பு, படிகமாகும்போது துகள்களை நெம்பித் தள்ளும். அடி அரிபட்ட விளிம்பு, சிவில் மாணவர்களுக்குத் தெரியும், கம்பி இல்லாத கேன்டிலீவர் மாதிரி. அழுத்தத்தைத் தாங்கும்; இழுவிசையைத் தாங்காது. விரிசல் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

அதனால் அடுத்த முறை போகும்போது விளிம்புக்குப் போகாதீங்க. நாலடி தள்ளி நின்றாலும் கடல் அழகாத்தான் தெரியும். ஞாபகத்துக்குக் கல்லைப் பெயர்த்து எடுக்கவும் வேண்டாம். மேலே இருக்கும் ஆலயத்துக்கு அஸ்திவாரமே அந்தக் கல்தான்.