மழலையர் ஆசிரியை ஆவது எளிதா?

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த ஐந்து வயதுக்குள் பிள்ளையை வளைப்பவர்கள் யார்? வீட்டிலே தாய், பள்ளியிலே மழலையர் ஆசிரியை. தாய்க்கு அன்பு போதும். ஆசிரியைக்கும் அது மட்டும் போதுமா? இந்தக் கேள்வி எங்கள் மனத்தில் முன்பு எழுந்ததே இல்லை. நாங்களே ஒரு நாள் அந்த வகுப்பில் நின்று தோற்ற பிறகுதான் எழுந்தது.

எங்கள் பள்ளியின் எல்.கே.ஜி. ஆசிரியை அன்று விடுப்பில் இருந்தார். ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி பத்தாம் வகுப்பிலிருந்து எங்கள் நால்வரைத் தலைமைச் சகோதரி அனுப்பினார்கள். நாங்களும் துள்ளிக் குதித்துக்கொண்டு சென்றோம். பாட்டுச் சொல்லலாம், கதை சொல்லலாம், வேறென்ன வேலை என்று நினைத்தோம்.

மூலையில் ஒரு சிறுமி தன் செருப்பின் வாரை மாட்ட முயன்றுகொண்டிருந்தாள். வார் வளையத்துக்குள் போவதும் வழுவுவதுமாக இருந்தது. பாவம் என்று எண்ணி, எங்களில் ஒருத்தி ஓடிச் சென்று நொடியில் மாட்டிவிட்டாள். அவ்வளவுதான்! அந்தச் சிறுமி ஓவென்று அழத் தொடங்கினாள். அவள் அழுததைக் கண்டு இன்னும் நால்வர் அழுதனர். மிட்டாய் தருவதாகச் சொன்னோம், அதட்டியும் பார்த்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. சற்று நேரம் கழித்து அவளே வாரைக் கழற்றிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து மாட்டத் தொடங்கியபோதுதான் அழுகை நின்றது.

மறுநாள் ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, “நீங்கள் உதவி செய்யவில்லை அம்மா, அவளுடைய வேலையைப் பறித்துவிட்டீர்கள். இதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்குப் பயிற்சி தேவைப்பட்டது” என்றார். அந்தப் பயிற்சியைப் பற்றி அவரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் நாங்கள் அறிந்ததை இங்கே தருகிறோம்.

மழலையர் கல்விக்குப் புதுவழி காட்டியவர்களுள் ஒருவர் இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார். 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் பிறந்த இவர், 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1907 ஜனவரி 6-ஆம் நாள், ரோமில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். வியப்பு என்னவென்றால், அங்கு முதலில் அமர்த்தப்பட்ட ஆசிரியை பயிற்சி பெற்றவரல்லர்! அதட்டுவதும் பரிசு காட்டி ஆசையூட்டுவதும் ஆகிய பழைய பழக்கங்கள் அவரிடம் இல்லாதது நல்லதாகவே போயிற்று. பின்னாளில் அம்மையார் ஆசிரியைகளுக்கென வகுத்த பயிற்சியிலும், புதியன கற்பதற்கு இணையாகப் பழையன விடுவதற்கும் இடம் தந்தார்.

அருட்சகோதரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 1908-ல் மெசினா நகரை அழித்த நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக, ரோமில் பிரான்சிஸ்கன் சகோதரிகளின் மடத்தில் மாண்டிசோரி முறைப் பள்ளி ஒன்று நடைபெற்றது.

நம் சென்னைக்கும் இப்பயிற்சிக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதை அறிந்தபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. 1939-ஆம் ஆண்டு, பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, 69 வயதான அம்மையார் தம் மகன் மாரியோவுடன் அடையாற்றுக்கு வந்தார். அவ்வாண்டு நவம்பரில் தொடங்கிய பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் மாரியோ காவலில் வைக்கப்பட்டு, அம்மையாரின் 70-ஆவது பிறந்த நாளையொட்டி விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தில் அம்மையார் கோடைக்கானலிலும் தங்கிப் பணிபுரிந்தார். சில மாதங்களுக்கென்று வந்தவர், 1946 வரை இந்நாட்டிலேயே தங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

இனி, அப்பயிற்சியில் என்ன கற்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலாவது, கவனித்தல். பயிற்சி பெறுபவர் பிள்ளைகள் நிறைந்த அறையில் ஓர் ஓரமாக அமர வேண்டும். பேசக் கூடாது, உதவக் கூடாது. ஒரு குழந்தை என்ன எடுத்தது, எத்தனை முறை செய்தது, எப்போது சலித்தது என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். “கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது” என்றார் எங்கள் ஆசிரியை.

இரண்டாவது, கருவிகளைக் கையாளுதல். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றில் பொருந்தப் பத்து உருளைகள். ஓர் உருளையைப் பெரிய குழியில் தவறாக வைத்தால் கடைசியில் ஓர் உருளை இடமின்றி நிற்கும். ஆசிரியை “தப்பு” என்று சொல்லத் தேவையில்லை, கட்டையே சொல்லிவிடும்! அந்த உருளைகளின் சிறு குமிழை மூன்று விரல்களால் பிடித்துப் பழகும் குழந்தை, தன்னை அறியாமலே பென்சில் பிடிக்கத் தயாராகிறது. இளஞ்சிவப்புக் கோபுரத்தின் பத்துக் கட்டைகளுள் சிறியது 1 சென்டிமீட்டர், பெரியது 10 சென்டிமீட்டர். ஒவ்வொரு கருவியையும் எப்படி எடுப்பது, எங்கே வைப்பது, எவ்வளவு மெதுவாகக் காட்டுவது என்பதையெல்லாம் படம் வரைந்து, தம் கையாலேயே ஏடுகளாக எழுதுகிறார்கள். எங்கள் ஆசிரியை தம் ஏடுகளைக் காட்டினார். எங்கள் அறிவியல் பதிவேட்டைவிடத் தடிமனாக இருந்தன!

மூன்றாவது, பாடம் சொல்லும் முறை. ‘ட’, ‘ப’ என்ற இரண்டு எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். குழந்தை விரலால் தடவும்போது, “இது ட, இது ப” என்று சொல்வது முதற்படி. “ப எங்கே? காட்டு” என்பது இரண்டாம் படி. “இது என்ன?” என்பது மூன்றாம் படி. இரண்டாம் படியில் குழந்தை தவறினால் ஆசிரியை திருத்துவதில்லை, முகம் சுளிப்பதுமில்லை. அன்றைய பாடத்தை இனிதே முடித்துவிட்டு, இன்னொரு நாள் முதற்படியிலிருந்தே தொடங்குகிறார். நாங்கள் என்றால் அங்கேயே பத்து முறை சொல்ல வைத்திருப்போம்.

இவற்றுடன் குழந்தை உளநூல், உடல்நலம், உணவு, பாட்டு, கைவேலை ஆகியனவும் உண்டு. எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நடைபெறும்.

இப்பணிக்கு மாண்டிசோரி பயிற்சி மட்டுமே வழி என்பதில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் வெளியிட்ட விதிகள், பன்னிரண்டாம் வகுப்பில் 50 சதவீத மதிப்பெண் பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பை வகுத்தன. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிப் பணியாளர்களும் பயிற்சி பெறுகின்றனர். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 3 முதல் 8 வயது வரையுள்ள பருவத்தைக் கல்வியின் அடித்தளம் என்றே குறிப்பிடுகிறது.

ஆயினும் ஒரு செய்தியை மறைக்க விரும்பவில்லை. எங்களுள் ஒருத்தி தன் வீட்டில், “நான் மழலையர் ஆசிரியை ஆகப் போகிறேன்” என்றாள். “முதல் ஐந்து பேருக்குள் மார்க் வாங்கும் நீ, சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கவா போகிறாய்?” என்று கேட்டார்களாம். அவள் அன்று சாப்பிடவில்லை. இதை எங்கள் ஆசிரியையிடம் சொன்னபோது, “சம்பளம் பல இடங்களில் குறைவுதான். அதை மறைத்து உங்களை அழைக்க மாட்டேன். ஆனால் மூக்குத் துடைக்கவும் குழந்தைக்கே கற்றுக்கொடுக்க வேண்டும். அதுவும் பாடம்தான்” என்றார்.

அன்பார்ந்த பெற்றோர்களே! நன்றாகப் படிக்கும் பெண் பெரிய வகுப்புக்குத்தான் போக வேண்டும், சிறிய வகுப்புக்கு யாராயிருந்தாலும் போதும் என்று எண்ணாதீர்கள். பெரிய வகுப்பில் ஆசிரியை தவறினால் நாங்கள் புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வோம். மூன்று வயதுக் குழந்தைக்கு ஆசிரியைதானே புத்தகம்?

தோழியரே! அந்தச் சிறுமி இப்போது தன் செருப்பைத் தானே மாட்டிக்கொள்கிறாள். நாங்கள் அவ்வழியே போகும்போது காலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள். பிள்ளையை வளைக்குமுன் ஆசிரியை தம்மையே வளைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தவள் அவளே. அப்பயிற்சியை நாடிச் செல்ல நம்மில் சிலரேனும் முன்வருவோமாக!