செம்மண்ணில் வெட்சி ஏன் மஞ்சளாகிறது?

நுவரெலியாவுக்குப் போய்வருகிறவர்கள் அங்கே கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஐதரேஞ்சியாவைக் கண்டு ஆசைப்படுவது வழக்கம். ஆனால் அது 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் வளர்கிறது. கிளிநொச்சியில் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களை அதன் அகன்ற இலை தாங்காது. வன்னி வளவுக்கு ஏற்ற கொத்துப்பூ, எக்ஸோறா என்று நாம் சொல்லும் வெட்சி. அது இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் சொந்தமான செடி.

இரண்டுக்கும் புளிப்பு மண்தான் பிடிக்கும். ஐதரேஞ்சியா புளிப்பு மண்ணில் அலுமினியத்தை எடுத்து நீலமாகப் பூக்கும். சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகும். வெட்சி தன் குறையை இலையில் காட்டும். கொழுந்து மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

ஏன் என்று பார்க்கச் செடியை ஒரு குசினியாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அடுப்பு. அதுதான் இலை. அதில் எரியும் நெருப்பு பச்சையம். அடுத்து அரிசி. அது தழைச்சத்து, அதாவது யூரியாவில் இருப்பது. பிறகு நெருப்புக்குச்சி. அதுதான் இரும்பு. பச்சையத்துக்குள் இரும்பு இல்லை. ஆனால் இரும்பு இல்லாமல் பச்சையம் உருவாகாது.

நம் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அந்தச் சிவப்பே இரும்பின் நிறந்தான். அப்படியென்றால் குறை எங்கே? நெருப்புப்பெட்டி ஒரு பேணிக்குள் இருக்கிறது, பேணியின் மூடி இறுகிவிட்டது. மூடியைத் தளர்த்துவது மண்ணின் புளிப்பு. பி.எச். அளவு 7 நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு. வெட்சிக்கு 5 முதல் 6 வரை நல்லது. 7ஐத் தாண்டினால் இரும்பு கரையாமல் மண்ணிலேயே கிடக்கும்.

மூடியை இறுக்குவது பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா? அப்படியானால் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் சுண்ணாம்பும் சேர்கிறது. வேர் மூடியைத் திறக்கக் கசியவிடும் சிறு புளிப்பையும் அது முறித்துவிடும். சீமெந்துச் சுவரோரம் நட்டால் நிலைமை இன்னும் மோசம்.

இந்த நேரத்தில் யூரியா போடுவது, குச்சி இல்லாத குசினிக்கு அரிசி மூட்டையை இறக்குவதுதான். எனவே முதலில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுதும் வெளிறினால் அரிசிக் குறை, மாட்டெரு போடலாம். கொழுந்து வெளிறினால் குச்சிக் குறை. இரும்பு பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு நகராது. அதனால்தான் கொழுந்து முதலில் தவிக்கிறது.

அவசரத்துக்கு, ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்து, வெயில் சாய்ந்தபின் இலைமேல் தெளியுங்கள். இது குச்சியை நேரே அடுப்படியில் கொடுப்பது. பிறகு மூடியைத் தளர்த்துங்கள். அடியில் இலைச் சருகு பரப்புங்கள், கொஞ்சம் கந்தகத் தூள் கலவுங்கள். மண்ணிலுள்ள பற்றீரியா கந்தகத்தை மெல்ல மெல்லப் புளிப்பாக்கும். மாரி மழையைத் தாங்கியில் சேர்த்துவைத்தால் அதைவிட நல்ல தண்ணீர் இல்லை.

வெட்சி கிளை நுனியில்தான் பூக்கும். எனவே ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் நுனியை வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் வரும் கொழுந்து பச்சையாக இருந்தால் வைத்தியம் பலித்துவிட்டது. மஞ்சளாக வந்தால் தண்ணீரை மாற்றுங்கள்.