அவசர கால்நடை மருத்துவம்

அவசர கால்நடை மருத்துவம் என்பது, உடனடியாகக் கவனிக்காவிடில் இறக்கக்கூடிய நிலையில் உள்ள விலங்குகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவப் பிரிவு ஆகும். அவ்விலங்குகளைத் தொடர்ந்து கண்காணித்துத் தேற்றும் பணி தீவிர சிகிச்சை எனப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் இத்துறை 1989 ஆம் ஆண்டு தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் இப்பணியைப் பெரும்பாலும் பொதுக் கால்நடை மருத்துவர்களே செய்கின்றனர்.

மரவள்ளி நச்சு

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியில் மரவள்ளி முக்கியப் பயிர்களுள் ஒன்று. இதன் இலையிலும் கிழங்குத் தோலிலும் லினமாரின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. ஆடு, மாடுகள் பச்சை இலையை மிகுதியாகத் தின்றால், அசையூன் வயிற்றில் அது சிதைந்து ஐதரசன் சயனைடு உண்டாகிறது. இந்நஞ்சு, இரத்தத்தில் உள்ள ஆக்சிசனை உயிரணுக்கள் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. அதனால் இரத்தம் நல்ல செந்நிறமாக இருக்கும்போதே விலங்கு மூச்சுத் திணறி விழுகிறது. சில நிமிடங்களிலேயே இறப்பும் நேரலாம்.

இதற்குச் சோடியம் நைத்திரைற்று, சோடியம் தயோசல்பேட்டு ஆகியன சிரை வழியாகச் செலுத்தப்படுகின்றன. முன்னது உண்டாக்கும் மெத்தீமோகுளோபின் சயனைடைப் பற்றிக்கொள்கிறது. பின்னது அதனைச் சிறுநீரில் வெளியேறக்கூடிய தயோசயனேட்டாக மாற்றுகிறது. நைத்திரைற்று அளவு மீறினால் அதுவே நஞ்சாகும். ஆகவே அளவறிந்த மருத்துவரே இதனைச் செலுத்த வேண்டும்.

பிற அவசர நிலைகள்

* வயிற்று உப்புசம்: அடைபட்ட வளி நுரையீரலை நெருக்குகிறது. மூச்சு நிற்கும் நிலையில், இடப்பக்க விலாவின் பின்னுள்ள பள்ளத்தில் துளைக்குழாய் செருகி வளி வெளியேற்றப்படுகிறது.
* பால் காய்ச்சல்: பெயர் இவ்வாறு இருப்பினும், ஈன்ற பசுவின் உடல் குளிர்ந்துவிடுகிறது. இது கால்சியம் குறைவால் வருவது. கால்சியத்தை விரைந்து செலுத்தினால் இதயம் நின்றுவிடலாம் என்பதால், இதயத் துடிப்பைக் கவனித்தவாறே மெதுவாகச் செலுத்துவர்.
* கன்று ஈனுவதில் தடை, பாம்புக்கடி, விபத்துக் காயங்கள்.

கல்வியும் பணியும்

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல், இயற்பியல், வேதியியல் பயின்றோர் கால்நடை மருத்துவ இளநிலைப் பட்டப்படிப்பில் சேரலாம். உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து இதன் காலம் ஐந்தரை ஆண்டுகள். தமிழ்நாட்டில் இப்படிப்பை, 1989 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்துகிறது. இதன் உறுப்புக் கல்லூரிகளுள் சென்னைக் கல்லூரி 1903 இலும், நாமக்கல் கல்லூரி 1985 இலும் தொடங்கப்பட்டவை. பட்டம் பெற்றோர் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்த பின்னரே தொழில் புரியலாம். அரசு மருந்தகங்கள், தனியார் மருத்துவமனைகள், 1962 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கப்படும் நடமாடும் மருத்துவ ஊர்திகள் ஆகியவற்றில் இவர்களுக்குப் பணி உண்டு.

இப்பணியில் இடர்களும் உள்ளன. வாயில் நுரை தள்ளும் மாட்டுக்குத் தொண்டை அடைப்பு எனக் கருதி வெறுங்கையை வாயினுள் விடுவது ஆபத்தானது. அது வெறிநாய்க்கடி நோயாகவும் இருக்கலாம். எனவே கையுறை அணிவதும், முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வதும் கட்டாயமாகக் கருதப்படுகின்றன.

மருத்துவர் வந்து சேரும் வரை உள்ள நேரம் கால்நடை வளர்ப்போரின் கையிலேயே உள்ளது. மேய்ந்த இடம், தின்ற பொருள், நோய்க்குறி தோன்றிய நேரம் ஆகியவற்றைத் தொலைபேசியிலேயே தெரிவித்தால், மருத்துவர் உரிய மாற்று மருந்துடன் வர இயலும்.